பத்துக்கு ஒன்று

சையது அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியரான அவர், இந்தியக் காற்பந்துக் குழுவின் பயிற்றுநரானார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பலர் வெறுங்காலுடன் ஆடிய அக்குழு யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றது. அதன்பின் காலணி கட்டாயமாக்கப்பட்டது. ரகீம் துவளாமல் குழுவைச் செம்மைப்படுத்தினார். 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியாவே முதல் கோலைப் புகுத்தியது. 4–1 என்று தோற்றாலும், போட்டியில் நான்காம் இடத்தைப் பிடித்தது. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், புற்றுநோயால் வாடியபோதும் ரகீம் குழுவை வழிநடத்தித் தங்கம் பெற்றுத் தந்தார். அப்போட்டியில் மலாயா வெண்கலம் வென்றது. மறு ஆண்டே ரகீம் மறைந்தார். கோல்களைக் குவித்தவர் தோற்றவரை எள்ளாதிருப்பது விளையாட்டுப் பண்பு. தோற்றவர் அத்தோல்வியிலிருந்து பாடம் கற்பதும் அப்பண்பே. ரகீமின் வாழ்க்கை இதற்குச் சான்று.