பருவமழையைக் கணக்கிட்ட மேதை சர் கில்பர்ட் வாக்கர்

ஐப்பசி பிறந்துவிட்டால் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் அனைவர் கண்ணும் வானத்தின் மீதுதான். வடகிழக்குப் பருவமழை பொழிந்து, ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டு வந்தால்தான் மணல் தூர்த்த முகத்துவாரம் அகலும். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும். இறால் குஞ்சுகள் ஏரிக்குள் புகுந்து வளரும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' எவ்வளவு நேர்மையாக வகுக்கப்பட்டிருப்பினும், ஆற்றில் நீர் வராத ஆண்டில் வலையில் என்ன இருக்கும்?

மழை ஓராண்டு பொழிவதும் ஓராண்டு பொய்ப்பதும் ஏன்? இக்கேள்விக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சர் கில்பர்ட் வாக்கர். அவருடைய வாழ்க்கை மாணவர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

வாக்கர் 1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889-இல் கணிதத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். அளவுக்கு மீறிய உழைப்பால் உடல்நலம் கெட்டது. சுவிட்சர்லாந்தில் ஓய்வெடுத்துத் தேறினார். எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங் எவ்வாறு பறக்கிறது என்று ஆராய்வதிலும் புல்லாங்குழல் இசையிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

இத்தகைய கணித அறிஞர் 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார். வானிலையியலில் அவருக்கு முன்பயிற்சி ஏதுமில்லை. ஆனால் அவர்முன் நின்ற பணியோ உயிர்களைப் பற்றியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தை மக்கள் மறக்கவில்லை. 1899-இல் மீண்டும் பருவமழை பெரிதும் பொய்த்தது. அதனை முன்கூட்டி உணர்த்த வானிலைத் துறையால் இயலவில்லை.

மழையின் இயக்கத்தை ஒரு சமன்பாட்டில் அடக்க அன்று வழியில்லை. ஆகவே வாக்கர் பதிவேடுகளை நாடினார். உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் பதிவுகளையும், இமயத்துப் பனியின் அளவையும், நைல் நதியின் வெள்ள அளவையும் திரட்டினார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், இந்திய எழுத்தர்கள் கையாலேயே ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டு ஒட்டுறவுக் கெழுக்களைக் கண்டனர். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது, அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. இதற்கு அவர் இட்ட பெயரே 'தென் அலைவு'.

பல எண்களை ஒப்பிட்டால் சில தற்செயலாகவே பொருந்திவிடும் என்று 1914-இல் அவரே எச்சரித்து, அதனைச் சோதிக்கும் முறையையும் வகுத்தார். காடழிந்ததால் நாட்டின் மழை நிலையாகக் குறைந்துவிட்டதோ என்னும் ஐயம் எழுந்தபோது, பதிவுகளை ஆராய்ந்து அதற்குச் சான்றில்லை என்று 1910-இல் கூறினார். புவி வெப்பமுறும் இந்நாளில் அதே கேள்வியை நாம் புதிதாகக் கேட்க வேண்டியுள்ளது.

தமிழர்கள் அவருக்கு வேறு வகையிலும் கடமைப்பட்டவர்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தேறாமல், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் கணக்குகளை 1913-இல் அவர் கண்டார். உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

1924-இல் ஓய்வு பெற்று 'சர்' பட்டம் பெற்ற வாக்கர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை பேராசிரியராக விளங்கினார். 1958 நவம்பர் 4 அன்று தமது 90-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய முன்னறிவிப்பு வாய்பாடுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எனினும் 1969-இல் பியர்க்னஸ் என்னும் அறிஞர், தென் அலைவும் 'எல் நினோ' எனப்படும் பசிபிக் கடல் வெப்பமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று காட்டியபோது, வாக்கரின் பெயர் மீண்டும் ஒளி பெற்றது.

எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலியும். தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் மிகும். 2015-இல் இதைக் கண்ணாரக் கண்டோம். ஆகவே மேட்டூரை நிரப்பும் ஆற்றின் கணக்கை வைத்துப் பழவேற்காட்டை நிரப்பும் ஆற்றுக்குத் திட்டமிட முடியாது. ஒவ்வொரு படுகைக்கும் அதற்கேயுரிய பதிவு வேண்டும்.

பதிவு குறுகியதாக இருந்தால் என்ன நேரும்? அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை 1922-இல் பங்கிட்டபோது, கையிலிருந்த அளவுகள் மழை மிகுந்த ஆண்டுகளுக்கு உரியவை. ஆற்றில் இல்லாத நீரையும் சேர்த்துப் பங்கிட்டுவிட்டார்கள். இத்தகைய பிழையைக் குறைக்கவே இன்றைய பொறியாளர்கள், சில பத்தாண்டுப் பதிவின் இயல்பு மாறாமல் நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்குரிய நீரோட்டத்தைக் கணிப்பொறியில் உருவாக்கி, அணைகளையும் கால்வாய்களையும் சோதிக்கிறார்கள். சென்ற ஆண்டின் நிலை இவ்வாண்டை எவ்வளவு தொடர்கிறது என்று காண அவர்கள் கையாளும் சமன்பாடுகள் 'யூல் - வாக்கர்' என்றே வழங்குகின்றன. டார்வின் துறைமுகத்தின் காற்றழுத்தப் பதிவை ஆராய்ந்து 1931-இல் வாக்கர் எழுதிய கட்டுரையின் பயன் இது.

ஆரணியாற்றின் மேல்பகுதியில் பிச்சாட்டூர் அணை இருக்கிறது. அதன் கடைக்கோடியில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஏரிக்கு வந்து சேரும் நீர் அளக்கப்படாவிட்டால், திட்டக் கணக்கில் அது கடலில் வீணாகும் நீராகவே எழுதப்படும். இறாலை நம்பி வாழும் குடும்பங்களின் பங்கு அந்த ஏட்டில் இடம்பெறாது. முறையாக அளந்து வைத்த பதிவு இருந்தால் அந்தப் பங்கைக் கேட்க முடியும்.

மாணவ நண்பர்களே! நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைமானியை நோக்கி அளவை எழுதிவைக்கும் ஊழியரின் பணி சிறிதாகத் தோன்றலாம். அத்தகைய பல்லாயிரம் ஊழியர்களின் ஏடுகளைக் கொண்டே வாக்கர் தம் உண்மையைக் கண்டார். நம் ஊர் ஆற்றின் அளவையும் நாம் அக்கறையோடு எழுதிவைப்போம். ஏரிக்கரை மக்களுக்கு அது நாம் செய்யும் நற்பணியாகும்.