முத்துப் பார்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல்

சங்க நூல்கள் கொற்கை முத்தைப் போற்றுகின்றன. ஆயினும் அம்முத்துச் சிப்பி சில ஆண்டுகள் கடலடியில் குவிந்து கிடப்பதும், பின்னர் பல்லாண்டுகள் அறவே காணாமற் போவதும் ஏன் என்ற வினாவிற்கு நெடுங்காலம் விடை கிட்டவில்லை. அவ்விடையைத் தேடித் தம் வாழ்நாளின் பெரும் பகுதியை நம் கடற்கரையில் செலவிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறோம்.

அவர் 1865இல் பிறந்தவர். ஜெர்சித் தீவில் கடலுயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். அக்காலத்தில் இலங்கை அரசு பெருங்கவலையில் ஆழ்ந்திருந்தது. 1891க்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பகுதியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குளிப்பு அரசின் தனியுரிமை. கரை சேரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளிப்பவர்க்கும் உரியது. எனவே சிப்பி மறைந்தால் கருவூலமும் குளிகாரனின் அடுப்பும் ஒருங்கே வறண்டன. லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் ஆய்வுக்கென வந்தபோது ஹார்னெல் உதவியாளராக உடன் வந்தார். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பினார், உதவியாளர் தங்கிவிட்டார். கடல் நூலின் உண்மை கடலில் நெடுநாள் இருந்தாலன்றித் தெரியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அவர்கள் கண்டவற்றுள் பெரிய பாரின் கதை மிகவும் அறியத்தக்கது. அந்தப் பாரில் இளஞ்சிப்பி கோடிக்கணக்கில் வந்து படியும். பார்ப்போர் மகிழ்வர். சிப்பி குளிப்பதற்கு ஏற்றவாறு முதிர நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்றின் அலை மணலைப் புரட்டிச் சிப்பியை மூடிவிடும். திருக்கை முதலிய மீன்களும் அவற்றைத் தின்றழிக்கும். ஆகவே, அழிவதற்குமுன் இளஞ்சிப்பியை அள்ளிக் காப்பான இடத்தில் இடலாம், நெருக்கத்தைக் குறைக்கலாம், சிப்பி பற்றிக்கொள்ளக் கல் பரப்பலாம், ஆண்டு தவறாது பார்களைச் சோதிக்கலாம் என அரசுக்குப் பரிந்துரைத்தனர்.

அரசு என்ன செய்தது? 1903 முதல் குளிப்பு மீண்டும் செழித்தது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இப்பெருவளத்தைக் கண்டபின் இலங்கை அரசு 1906இல் முத்துப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு நிறுவனத்திடம் அளித்தது. அடுத்த ஆண்டிற்குப் பின் சிப்பி மறைந்தது. குத்தகைக் காலம் முடியுமுன்பே நிறுவனம் கலைந்தது. ஆராய்ச்சி அறிக்கை அச்சாகியிருந்தும், இயற்கையின் நிலையாமை ஒப்பந்தத்தில் இடம்பெறவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

தமிழகக் கரையின் பார்களையும் ஆராய்ந்து 1905இல் சென்னை அரசுக்கு ஹார்னெல் அறிக்கை அளித்தார். 1907இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்துறையைத் தொடங்கினார். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய நிக்கல்சனும் இவரே. அத்துறையில் சேர்ந்த ஹார்னெல் 1918 முதல் 1924 வரை இயக்குநராகப் பணியாற்றினார். உயிர்நூல் கற்றவர் கோப்பும் வரவு செலவும் கற்க வேண்டியதாயிற்று. அதை எந்தக் கல்லூரியும் அவருக்குப் போதிக்கவில்லை, பணியிலேயே பயின்றார்.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொலையாயிரம் பாரில் குளிப்பு நடத்தலாமா என முடிவு செய்யும் முறையை இளைஞர்கள் அறிய வேண்டும். முதலில் குளிகாரர் மூழ்கிச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பர். அவை அழுகியபின் கழுவி, கிடைத்த முத்துகளை எடைபோட்டு விலை மதிப்பர். மதிப்புப் போதுமெனில்தான் குளிப்பு அறிவிக்கப்படும். ஆக, அதிகாரியின் கையெழுத்திற்கு அடியில் இருந்தது காலில் கல்லைக் கட்டி இறங்கியவனின் கண். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தந்த அக்கண்ணறிவு அறிக்கைகளில் நிறைந்திருக்கிறது. பெயர்களோ அரிதாகவே காணப்படுகின்றன. அவர்தம் பிள்ளைகளுக்கு அன்று எழுத்தறிவு எட்டியிருந்தால் அறிக்கைகளை எழுதியோர் பட்டியல் வேறாயிருந்திருக்கும்.

ஹார்னெலின் எல்லா முடிவும் நிலைத்ததன்று. நாடாப்புழுவின் குஞ்சைச் சுற்றியே நன்முத்து உருவாகிறது என்று அவரும் ஹெர்ட்மனும் கருதினர். பின்வந்தோர் அதனை மறுத்தனர். சிப்பியின் போர்வைத் தசையிலுள்ள உயிரணுக்களே முத்தை உண்டாக்குகின்றன எனத் தெளிந்தது. அவ்வறிவைக் கொண்டே ஜப்பானியர் முத்து வளர்த்தனர். தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் அழகர்சுவாமி 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்.

முத்தைப் போலவே சங்கையும் ஹார்னெல் ஆராய்ந்தார். இங்கு எடுத்த சங்கு வங்காளத்து டாக்கா சென்று வளையலாகும் கதையை 1914இல் வெளியிட்டார். ஓய்வு பெற்றபின் பசிபிக் தீவுகளின் தோணிகளை ஆராய்ந்தார். 1949இல் மறைந்தார்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பிற்குப் பின் அத்தொழில் நின்றது. சங்கு குளிப்போர் இன்றும் கடலில் இறங்குகின்றனர். 1977இல் அவ்வூரில் மீன்வளக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அதில் இடம் வேண்டி விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் ஹார்னெலின் 1905, 1922ஆம் ஆண்டு முத்து அறிக்கைகளைத் தேடிப் படிப்பார்களாக.