17 வேலை பார்த்த பாட்டுக்காரர்



வேலை தேடி அலைவது நமக்குப் புதுசு இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பிறகு பல தோட்டங்களையே விற்று வீடு கட்டினார்கள். பால் சீவிய கை லோரி ஓட்டப் போனது, தொழிற்சாலைக்குப் போனது, காவல் வேலைக்கும் போனது. இப்படி வேலை மாறுகிற ஒவ்வொரு தடவையும் வீட்டில் முதலில் மூலைக்குப் போவது எது? ஆர்மோனியமும் உறுமியும் நாடக நோட்டும்தான். வயிற்றுப்பாட்டுக்கே வழியைக் காணோம், இதிலே பாட்டு வேறயா என்று பெரியவர்கள் சத்தம் போடுவாங்க. அந்தப் பெரியவர்களுக்கும், அதைக் கேட்டுத் தலை குனிகிற பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒருவருடைய கதையைச் சொல்கிறேன்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இவர் பாட்டைக் கேட்காத லயம் இருந்திருக்காது. ஆனால் அவர் பட்ட பாடு எத்தனை பேருக்குத் தெரியும்?

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, தஞ்சாவூர் ஜில்லாவில் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அப்பா அருணாசலனார் பாட்டுக் கட்டத் தெரிந்தவர். அண்ணன் கணபதிசுந்தரமும் அப்படித்தான். பள்ளிக்கூடப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. தோட்டப் பள்ளியில் ஆறாவது முடித்த நாமெல்லாம் அவரைவிட அதிகம் படித்தவர்கள்!

அதற்குப் பிறகு அவர் பார்த்த தொழில்கள் 17 என்று கணக்குச் சொல்வார்கள். வயல் வேலை, மாடு மேய்ப்பு, மாட்டு வியாபாரம். மாம்பழம் விற்றார், இட்லி விற்றார், முறுக்கு விற்றார், தேங்காய் விற்றார், கூரை வேயும் கீற்றும் விற்றார். மீனும் நண்டும் பிடித்தார். உப்பளத்தில் கூலியாக நின்றார். மிஷின் ஓட்டினார், தண்ணீர் வண்டி இழுத்தார். அரசியல், பாட்டு, நடிப்பு, ஆட்டம், கடைசியில் கவிதை என்று அந்தப் பட்டியல் போகிறது.

ஒரு வேலையிலும் நிலைக்காத ஆள் போல என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லைங்க. மாம்பழம் சில மாதம்தான் காய்க்கும். உப்பளம் மழை வந்தால் நின்றுவிடும். அறுப்பு முடிந்தால் வயலில் ஆள் வேண்டாம். ஏழை வேலை மாறுவது ஆசையால் அல்ல, வேலை அவனை விட்டுப் போவதால்தான். இது நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 17 வேலை மாறிய மனிதர் பாட்டை மட்டும் ஒரு நாளும் மாற்றவில்லை. வயல் வேலை முடித்துக் குளக்கரையில் உட்கார்ந்தவர், தண்ணீரில் துள்ளுகிற மீன் குஞ்சைப் பார்த்துப் பாட்டுக் கட்டியபோது வயது பதினைந்து, பதினாறுதான். அதற்கு முதலும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். கை மண்ணில் இருக்கும், வாய் மெட்டுப் போடும். கும்மியும் தெம்மாங்கும் அவருக்கு அப்பா வழியில் வந்த சொத்து.

பிறகு விவசாயிகள் இயக்கத்தில் சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் ஒருத்தருக்கு, உழைப்பு இன்னொருத்தருக்கு என்றிருந்த காலம். கூட்டம் சேர்ப்பதற்குப் பாடினார். அந்தப் பாட்டே அவரை நாடகத்துக்கு இழுத்துப் போனது. சக்தி நாடக சபாவில் நடித்தார். ‘கண்ணின் மணிகள்’ என்ற நாடகத்துக்குப் பாட்டு எழுதினார். புதுச்சேரிக்குப் போய்ப் பாரதிதாசனிடம் இருந்து, அவருடைய ‘குயில்’ பத்திரிகை வேலையிலும் கூட நின்றார். இரண்டாம் வகுப்புப் படித்தவருக்கு அதுதான் கல்லூரி. தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கற்றுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

அடுத்தது சென்னை. ஓர் ஓவியரும் ஒரு நடிகரும் கூட இருக்க, வாடகை அறையில் குடியிருந்தார். சினிமாக் கம்பெனி வாசல்களில் ஏறி இறங்கினார். வாய்ப்பு உடனே கிடைக்கவில்லை. முதலில் எழுதிய படம் ‘படித்த பெண்’. அது வெளிவருவதற்குள் 1955-ல் ‘மகேஸ்வரி’ வந்துவிட்டது. 1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘பாசவலை’ பேர் வாங்கிக் கொடுத்தது. அதன் பிறகு அவருக்கு ஓய்வே இல்லை.

இப்போது பாருங்கள், அந்த 17 வேலையும் எங்கே போயிற்று? எல்லாம் பாட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்தது. 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில், பாடுபட்டு விளைய வைத்தவனுக்கு என்ன மிச்சம் என்று புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்கிற பாட்டு, ஏர் பிடித்த கை எழுதியது. 1960-ல் வந்த ‘இரும்புத்திரை’ மில் தொழிலாளர் கதை. வாங்கின சம்பளம் எங்கே போனதென்றே தெரியாமல் முழிக்கிற ஆளைப் பற்றி அதில் ஒரு பாட்டு. சம்பள நாள் ராத்திரி லயத்தில் நாம் பார்த்த காட்சி அது. கூலி வாங்கி வாழாதவர் அதை எழுதியிருக்க முடியுமா?

அவரைப் பற்றிச் சினிமா வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். எழுதின பாட்டுக்குப் பணம் கேட்கப் போனவரைப் பட முதலாளி ஒருவர் நாளைக்கு வா என்று நிற்க வைத்தாராம். இவர் ஒரு துண்டுக் காகிதத்தில் சூடாக நாலு வரி எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். பணம் பின்னாலேயே வீடு தேடி வந்ததாம். கலைதானே என்று யாருக்கும் இனாமாகக் கொடுக்கவில்லை. பாட்டும் உழைப்பு, உழைப்புக்குக் கூலி உண்டு என்று நின்றவர். நம் தொழிற்சங்கத்துக்காரர்கள் மறக்கக் கூடாத கதை இது.

1957-ல் கௌரவாம்பாளைக் கல்யாணம் செய்தார். பாரதிதாசன் முன்னின்று நடத்தி வைத்தார். இரண்டே வருஷம்தான். 1959 அக்டோபர் 8-ஆம் தேதி, 29 வயதில், கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ‘இரும்புத்திரை’ திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. சினிமாவில் எழுதியது ஐந்து வருஷம்கூடச் சரியாக இல்லை. அதற்குள் ஏறக்குறைய இருநூறு பாட்டு.

பாட்டுக் கட்டுகிற எல்லாரும் பட்டுக்கோட்டை ஆகிவிட முடியாது. அதனால் வேலையை விட்டுவிட்டு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூருக்கு ஓடு என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டேன். வேலை தேடு. கிடைத்த வேலையைச் செய். சேமநிதி பிடிக்கிறார்களா என்று பார். சங்கத்தில் சேர். ஆனால் ராத்திரி ஒரு மணி நேரம் அந்த நோட்டைத் திற. பகலில் பார்த்ததை அதில் எழுது. உன்னைவிட நன்றாகத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டு.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை வேலை போய் வீடு மாறும்போது, சாமான் ஏற்றுகிற லோரியில் அந்த உறுமிக்கும் ஓர் இடம் விடுங்கள். வேலை வரும், போகும். பிள்ளை கையில் கடைசி வரை நிற்கப் போவது அதுவாகக்கூட இருக்கலாம்.