காட்டை எண்ணிய கிருஷ்ணனார்

படவேடு, சவ்வாது மலையடிவாரத்து ஊர். அதனையடுத்த ஆரணியிற் பட்டு நெய்வோர் பாவின் இழைகளை எண்ணி அமைத்த பின்னரே ஊடையைச் செலுத்துவர். காட்டிலுள்ள பெருவிலங்குகளின் தொகை பெருகுமோ அருகுமோ எனக் கணிக்கும் கலையும் இத்தகையதே. உள்ளதை உள்ளவாறு கண்டெழுதிய ஏடு இன்றேல் கணக்கு வெறும் ஊகமாய் முடியும். அவ்வேட்டை நம் தென்னாட்டிற்கு அளித்தோருள் முன்னிற்பவர் மா. கிருஷ்ணன்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். தந்தையார், பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். அப்பெரியார் 1925இல் பல்கலைக்கழகச் சபையில் தமிழுக்காக வாதாடியமர்ந்த அன்றே உயிர் நீத்தார். மைந்தருக்கு அப்பொழுது 13 வயது. பின்னர் மாநிலக் கல்லூரியிற் பைசன் என்னும் பேராசிரியரிடம் தாவரநூல் கற்றார். 1942இல் சந்தூர் சமஸ்தானத்திற் பணியேற்று ஆசிரியர், நீதிபதி முதலிய பல அலுவல்களை ஆற்றினார். அச்சமஸ்தானம் இந்திய நாட்டோடு இணைந்தபின், வேறு உத்தியோகம் நாடாது, எழுதுகோலையும் புகைப்படக் கருவியையுமே துணையாகக் கொண்டு சென்னையில் வாழ்ந்தார். 1950 முதல் இறுதிவரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைக் குறிப்புகள் வரைந்தார்.

1968இல் நேரு பெயரால் அமைந்த ஆய்வு நல்கை இவரை நாடி வந்தது. தக்கணத்துப் பெருவிலங்குகளை ஆராயக் காடுதோறும் சென்றார். அவ்வாண்டிலேதான் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவிக் காட்டெருதுகளை மாய்த்தது. அயல்நாட்டுச் செடிகள் பரவுதலும், மேய்ச்சலும், காடழிதலும் விலங்குகளை நலிவித்தலை இவர் எழுதினார். அவ்வாராய்ச்சி 1975இல் நூலாயிற்று.

யானையின் முன்னடிச் சுவட்டுச் சுற்றளவை இருமடங்காக்கின் அதன் தோளுயரம் ஏறத்தாழக் கிட்டும். உயரத்தினின்று வயதை உய்த்துணரலாம். ஆண், பெண், குட்டி என வகுத்து எண்ணிப் பிறப்பையும் இறப்பையும் சேர்த்தே கணிதவல்லார் வருங்காலத்தைக் கணிப்பர். பிற்காலத்தில் இராமன் சுகுமார் அம்முறையால் ஆராய்ந்து, தந்தத்திற்காகக் களிறுகளைக் கொல்வதால் யானையினத்திற்கு நேரும் கேட்டை விளக்கினார்.

கிருஷ்ணனார் பத்மஸ்ரீ விருது பெற்று, 1996 பிப்ரவரி 18ஆம் நாள் மறைந்தார். பெரும் பட்டமோ பதவியோ இவர்க்குத் துணை நின்றதில்லை. பொறுமையுடன் கண்டதும், கண்டதை மிகையின்றி எழுதியதுமே இவர் தம் செல்வம். கணக்கில் வல்லராக விழையும் நம் மாணவர், முதற்கண் காண்பதில் வல்லராகுக என்பதே யாம் இவர் வாழ்க்கையினின்று பெறும் பாடம்.