கொக்கு விரட்டிய முருகன்



இந்த மாத ஏட்டுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதணும் என்று தமிழ் ஐயா சொன்னாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாரதியாரை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான், காமராஜரை இன்னொருத்தன். எனக்கு யாரும் மிச்சம் இல்லை. அப்புறம்தான் அப்பா கடை காலண்டர் ஞாபகம் வந்தது.

எங்க அப்பா ஜீயபுரத்தில் முடிவெட்டும் கடை வச்சிருக்காங்க. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அங்கே தலையைக் குனிஞ்சு உட்கார்ந்தவங்கதான்! கண்ணாடிக்கு மேலே ஒரு சங்கத்து காலண்டர் தொங்கும். அதில் உள்ள படத்தைப் பார்த்து, இவர் உங்க தாத்தாவா என்று கேட்பாங்க. தாத்தா இல்லை. அவர் தியாகி விஸ்வநாததாஸ்.

அவர் 1886 ஜூன் 16-ல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்தார். மருத்துவர் என்றதும் டாக்டர் என்று நினைக்காதீங்க. அந்தக் காலத்தில் எங்க ஆட்கள் முடி வெட்டுறதோடு நாட்டு வைத்தியமும் பார்த்தாங்க. பெண்கள் பிரசவம் பார்த்தாங்க. அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். விஸ்வநாததாஸுக்கு சின்ன வயசிலேயே நல்ல சாரீரம். கத்தியைப் பிடிக்க வேண்டிய பையன் நாடக மேடைக்குப் போனார். பின்னாளில் குடும்பத்தோடு திருமங்கலத்தில் குடியேறினார்.

அந்த நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். மணப்பாறைப் பக்கம் எங்க அம்மாயி ஊரில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடுவாங்க. நான் விடிய விடியப் பார்த்திருக்கேன் (நடுவில் ஒரு மணி நேரம் தூங்கிட்டேன்). இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பேர். முருகனாக நடிக்கிறவர் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், நாரதர் வேறு ஊர். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவாங்க, ராத்திரி நடிப்பாங்க, ஒத்திகையே கிடையாது. மேடை ஓரமா ஆர்மோனியப் பெட்டியும் மிருதங்கமும் இருக்கும். கதை எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் நடுவில் யார் எதைச் சேர்த்துப் பாடுவாங்க, எப்படி எதிர்க்கேள்வி கேட்பாங்க என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்துக்குத்தான் சனம் காத்துக்கிட்டு இருக்கும்.

அந்தச் சந்துக்குள்ள சுதந்திரப் போராட்டத்தை நுழைச்சவர் விஸ்வநாததாஸ்.

1919 ஏப்ரல் 13-ல் அமிர்தசரஸில் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்தது. இன்றைக்கு என்றால் அஞ்சு நிமிஷத்தில் செல்போனில் வந்துடும். அப்போ எப்படி வரும்? நம்ம மாகாணத்தில் நூறு பேரில் பத்துப் பேர் சுமாருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பத்திரிகை எழுதினாலும் அரசாங்கம் விடாது. பாரதியார் புதுச்சேரியில் இருந்து நடத்திய இந்தியா பத்திரிகையை 1910-லேயே இந்தப் பக்கம் வர விடாமல் தடுத்துட்டாங்க. ஆனா நாடகத்தில் வந்த சேதியை எப்படித் தடுக்கிறது? பஞ்சாபில் நடந்ததை மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டாக எழுதினார். விஸ்வநாததாஸ் அதை மேடைமேடையாகப் பாடினார். பேப்பரைத் தொட்டே பார்க்காத சனங்க, பஞ்சாபில் செத்தவங்களுக்காகத் திருவிழாப் பந்தலில் உட்கார்ந்து அழுதாங்க. பேப்பர் இல்லாத ஊருக்கு அவரேதான் பேப்பர் என்று நான் நினைக்கிறேன்.

அதைவிட எனக்குப் பிடிச்சது கொக்குப் பாட்டு. வள்ளி தினைப்புனத்தில் காவல் இருக்கிற காட்சி. கதிரைத் தின்ன பறவைகள் வரும், விரட்டணும். அது எப்பவும் உள்ள காட்சிதான். இவர் அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். எங்கிருந்தோ பறந்து வந்து நம்ம விளைச்சலைத் தின்கிற வெள்ளைக் கொக்கு யாரு என்று கடைசி வரிசையில் பீடி பிடிக்கிற தாத்தாவுக்கும் புரியும். ஒரே கைத்தட்டல்! முன்னாடி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற போலீஸுக்கும் புரிஞ்சுடும். ஆனா கொக்கைத் திட்டினான் என்று எந்தச் சட்டத்தில் போடுறது?

சட்டம் இல்லாமல் இல்லை. நாடகத்தைத் தடை செய்யவே 1876-ல் ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. ராஜத்துரோகம் என்ற பிரிவும் இருந்தது. வேஷம் கலையறதுக்குள்ள மேடையில் ஏறிப் பிடிச்சுக்கிட்டுப் போவாங்க. ஜெயிலில் இருந்து வருவார், அடுத்த ஊரில் மறுபடியும் அதே பாட்டு. மொத்தம் 29 தடவை கைதானார் என்று அவர் வரலாற்றில் சொல்றாங்க. எங்க வகுப்பில் மொத்தமே 31 பேர்தான், எண்ணிப் பார்த்துக்கோங்க.

இவ்வளவு புகழ் இருந்தும் ஒரு விஷயம் மாறலை. அவர் சாதியைச் சொல்லி, அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று சில நடிகர் நடிகைகள் மறுத்தாங்க. முருகனாக வந்தால் கும்பிடுவாங்க. வேஷத்தைக் கலைச்சால் ஒதுக்குவாங்க.

இதை எங்க இங்கிலீஷ் டீச்சரிடம் சொன்னப்போ அமெரிக்காவில் பில்லி ஹாலிடே என்று ஒரு பாடகி இருந்த கதையைச் சொன்னாங்க. கறுப்பினப் பெண். 1938-ல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் பாடப் போனவங்களை, மற்றவங்க போகிற லிஃப்டில் ஏறக்கூடாது, சாமான் ஏத்துற லிஃப்டில் போ என்று சொன்னாங்களாம். உள்ளே பாட்டு வேணும், வாசலில் ஆள் வேண்டாம். மறு வருஷம் 1939-ல், கறுப்பின மக்களை அடிச்சு மரத்தில் தொங்கவிடுகிற கொடுமையைப் பற்றிய பாட்டை அவங்க பாடினாங்க. அதை எழுதினவர் யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! அவங்க வழக்கமான ரெக்கார்டு கம்பெனி அதைப் பதிவு செய்ய மறுத்து, வேற ஒரு சின்னக் கம்பெனிதான் போட்டது. அதே 1939-ல் இங்கே நம்ம விஸ்வநாததாஸ் பாடிக்கிட்டு இருந்தார். இவரை அவங்களுக்கும், அவங்களை இவருக்கும் தெரிஞ்சிருக்காது.

நம்ம திருச்சி எம்.கே. தியாகராஜ பாகவதரும் நாடகத்தில் இருந்து போனவர்தான். அவருக்கு சினிமாவில் பேரும் பணமும் கொட்டின காலம் அது. விஸ்வநாததாஸ் மேடையை விடலை. கதர் கட்டினார், காங்கிரஸுக்குப் பாடினார். சம்பாதிச்ச காசு வழக்குக்கும் வீட்டுக்கும் பத்தலை, கடன்தான் ஏறியது.

1940 டிசம்பர் 31. சென்னையில் வள்ளி திருமணம். உடம்பு சரியில்லாமல்தான் வந்திருந்தார். மயில் மேலே முருகனாக உட்கார்ந்து பாடிக்கிட்டு இருக்கும்போதே உயிர் போயிடுச்சு. வயசு 54. முருகன் வேஷத்தோடேயே ஊர்வலமாக எடுத்துக்கிட்டுப் போனாங்க. இன்னும் ஏழு வருஷம் இருந்திருந்தால் கொக்கு பறந்து போனதைப் பார்த்திருப்பார்.

திருமங்கலத்தில் அவருக்கு அரசாங்கம் நினைவு இல்லம் வச்சிருக்கு. மதுரைக்குச் சுற்றுலா போனால் அங்கேயும் ஒரு பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லி பி.டி. சாரைக் கேட்டிருக்கேன். பார்க்கலாம் என்று சொல்லியிருக்காங்க.

இப்போ ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன வருஷம் ஒரு விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் நான் சுயதொழில் என்று எழுதினேன். கையெழுத்துப் போடும்போது அப்பா அதைப் பார்த்தாங்க. ஒன்னும் சொல்லலை. என்னைவிட நாலு வயசு பெரியவன்கூட அப்பாவை வா, போ என்று கூப்பிடுவான், அதுக்கும் அப்பா ஒன்னும் சொல்ல மாட்டாங்க. அப்போ எனக்கு இந்தக் கதை முழுசாத் தெரியாது. இதை எழுதணும் என்று கேட்டப்போதான் ராத்திரி கடையை மூடிட்டு, ஷட்டர் பாதி இறக்கின பிறகு, கொக்குப் பாட்டை அப்பா எனக்கு முழுசாப் பாடிக் காட்டினாங்க. எங்க அப்பா பாடுவாங்க என்பதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

மேலே மூலையில் ஒட்டியிருக்கிறது அந்தக் காலண்டர் படம்தான். அப்பாவே பிளேடால் வெட்டிக் கொடுத்தாங்க, ஓரம் எவ்வளவு நேராக இருக்கு பாருங்க. பசை கொஞ்சம் அதிகமாக வச்சது மட்டும் நான்.



ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு