பகைவராய் வந்தார், படைத்தலைவரானார்!

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலைக்கு அருகே, புலியூர்க்குறிச்சியில் நிற்கிறது உதயகிரிக் கோட்டை. அதனுள்ளே இடிந்த தேவாலயம் ஒன்று. அங்கே ஒரு கல்லறை. அதன்மீது பொறித்திருக்கும் எழுத்திலே இலத்தீனும் உண்டு, தமிழும் உண்டு! யார் உறங்குகிறார் அங்கே? ஐரோப்பாவிலிருந்து வந்த தளபதி டிலனாய்.

அவர் கதையை நம் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பிரெஞ்சு நாட்டு ஆராஸ் நகரில் 1715ஆம் ஆண்டு பிறந்தவர் டிலனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிலே சேர்ந்தார். கம்பெனிக்கு என்ன வேண்டும்? மிளகு! மலிவு விலையில் மிளகு! விளைவிப்பவன் ஒருவன், விலை வைப்பவன் வேறொருவன் என்பதுதானே கம்பெனி தர்மம்! திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அதற்கு இணங்கவில்லை. மிளகு வாணிபத்தைத் தம் கையிலே எடுத்துக்கொள்ள முனைந்தார். இலங்கையிலிருந்து புறப்பட்டது டச்சுப் படை. குளச்சலிலே இறங்கியது.

1741 ஆகஸ்ட் மாதம் அந்தப் படை தோற்றது. கடலாண்ட கம்பெனி, கடற்கரையிலே சரணடைந்தது! சிறைப்பட்டோரில் ஒருவர் டிலனாய்.

மன்னர் அவரைக் கொல்லவில்லை. அவர் கற்ற வித்தையைக் கேட்டார். முதலில் காவற்படைக்குப் பயிற்சி. பிறகு படை முழுவதற்கும் பயிற்சி. உதயகிரியிலே பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது. கன்னியாகுமரிக்கு அருகே வட்டக்கோட்டை வலுப்பெற்றது. கைதி, வலிய கப்பித்தான் ஆனார். பெரிய படைத்தலைவர் என்பது அதன் பொருள்.

விளைவு என்ன? 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கை. அடக்க வந்த டச்சுக்காரர், மன்னரின் போர்களில் தலையிடோம் என்றும், மிளகுக்கு ஈடாக ஆயுதம் தருவோம் என்றும் ஒப்புக்கொண்டனர்! மிரட்ட வந்தவர், பேரம் பேசத் தலைப்பட்டனர். போர்க்களத்திலே பெற்ற பலம், பேச்சுவார்த்தையிலே பேசிற்று!

பின்னர் மைசூர்ப் படை வரக்கூடும் என்று வடக்கு எல்லையிலே நெடுங்கோட்டை எழுந்தது. ஏறத்தாழ 30 மைல் நீளம். டிலனாய் 1777 ஜூன் 1ஆம் நாள் மறைந்தார். 12 ஆண்டுகள் கழித்து, 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் அந்த அரண்மீது பாய்ந்தபோது, முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுதான் அரண் உடைந்தது.

புகழை மட்டும் பாடி முடித்துவிடலாமா? கூடாது. டச்சுக்காரரை விரட்டிய அதே அரசின் பீரங்கிகள், காயங்குளம் போன்ற அண்டைச் சிற்றரசுகள் மீதும் திரும்பின. அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, டிலனாயிடம் கிறித்தவ நெறியை அறிந்து 1745இல் தேவசகாயம் ஆனார். 1752இல் அவர் ஆரல்வாய்மொழிக் காட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது. படைக்கே தலைவரான டிலனாயால், தம் நண்பரின் உயிரைக் காக்க முடியவில்லை! மன்னராட்சியிலே தளபதியின் செல்வாக்குக்கும் எல்லை அவ்வளவுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். ஊழியம் என்ற பெயரால் கூலியில்லா வேலை வாங்கிய சமஸ்தானம் அது. கோட்டைக்குக் கல் சுமந்தவர் எத்தனை பேர்? மண் வெட்டியவர் எத்தனை பேர்? உலைக்களத்தில் வெந்தவர் எத்தனை பேர்? அவர்கள் பெயரைச் சொல்லும் கல் எங்கே?

டிலனாயை நாம் மதிக்கிறோம். கொள்ளை இலாபக் கம்பெனிக்காக வந்தவர், தாம் கற்ற தொழிலை இந்த மண்ணுக்குக் கற்றுக்கொடுத்தார். ஏறத்தாழ 36 ஆண்டுகள் உழைத்து இங்கேயே மண்ணானார். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்தது. அவர் கல்லறையும் நம்மோடு வந்தது.

அடுத்த முறை அந்தச் சாலையிலே செல்லும் தோழர்கள், கோட்டைக்குள் சென்று அந்தக் கல்லறையைப் பாருங்கள். திரும்பும்போது, மதிற்சுவரின் கற்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அவற்றைச் சுமந்த தோள்கள் நம் பாட்டன்மாரின் தோள்கள்!