நாய்க்குட்டி வயித்துல புழு எங்கிருந்து வருது? 350 ஆண்டுகளுக்கு முன்பே தேடிய டாக்டர் ரெடி!

புதுசா ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள். பிறந்து சில வாரம்தான் ஆகிறது. வெளியே எங்கும் போனதில்லை, மண்ணைத் தொட்டதில்லை. ஆனாலும் கால்நடை மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, “பூச்சி மருந்து கொடுத்தாச்சா?” என்பதுதான்.

வெளியவே போகாத குட்டிக்குப் புழு எப்படி வரும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. அதன் நடுவில் நிற்பவர் இத்தாலி மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி. பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு, மூடிய ஜாடியில் இறைச்சியை வைத்துச் சோதனை செய்தவர் என்று ஞாபகம் இருக்கலாம். ஒட்டுண்ணியியலின் முன்னோடி என்று இவரைச் சொல்வதற்குக் காரணம் வேறு.

யார் இந்த ரெடி?

1626 பிப்ரவரி 18 அன்று, இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள அரேஸ்ஸோ நகரில் பிறந்தார். அப்பாவும் மருத்துவர். பீசா பல்கலைக்கழகத்தில் படித்து, 1647-ல், 21 வயதிலேயே மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டார். பிறகு ஃபுளோரன்ஸ் நகரில், டஸ்கனியை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் அரண்மனை மருத்துவரானார். இரண்டாம் ஃபெர்டினாண்டோ, அவருக்குப் பின் மூன்றாம் கோசிமோ என இரண்டு ஆட்சியாளர்களிடம் வேலை பார்த்தார். அரண்மனையின் மருந்தகமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

ரெடி கவிஞரும்கூட. டஸ்கனியின் திராட்சை மதுக்களைப் புகழ்ந்து அவர் எழுதிய நீண்ட கவிதை இத்தாலியில் இன்றும் பேசப்படுகிறது. இத்தாலிய மொழி அகராதிப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கேள்விப்பட்டதை அப்படியே நம்புவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. பழைய நூலில் இருக்கிறது, பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றால் போதாது. செய்து பார்க்க வேண்டும்.

முதலில் பாம்பு, அப்புறம் ஈ

1664-ல் வந்த அவருடைய முதல் முக்கிய நூல் விரியன் பாம்புகளைப் பற்றியது. பாம்பின் விஷம் பித்தப்பையில் உருவாகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். ரெடி சோதித்துப் பார்த்து, விஷம் வருவது பற்களோடு சேர்ந்த பகுதியிலிருந்துதான் என்று காட்டினார். அது ரத்தத்தில் கலந்தால்தான் ஆபத்து, விழுங்குவதால் அல்ல என்பதையும் விளக்கினார்.

அடுத்து 1668-ல் வந்த நூல்தான் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தானாகவே பிறக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. ரெடி செத்த பாம்பு, மீன், விலாங்கு, கன்றுக்குட்டி இறைச்சி ஆகியவற்றைத் தனித்தனிக் குடுவைகளில் போட்டு மூடினார். அதே மாதிரி இன்னொரு வரிசையைத் திறந்தே வைத்தார். திறந்த குடுவையில் புழு, மூடியதில் இல்லை.

காற்றுப் போகாததால்தான் புழு வரவில்லை என்று யாராவது சொல்வார்களே? அதற்கும் வழி செய்தார். குடுவையின் வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டினார். காற்று உள்ளே போனது. ஈ போக முடியவில்லை. துணியின் மேல்தான் ஈக்கள் மொய்த்தன. உள்ளே இறைச்சியில் புழு இல்லை.

ஆக, புழுவுக்கும் ஒரு தாய் உண்டு. ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒப்பிடும் முறைக்கு இந்தச் சோதனை இன்றும் பாடப்புத்தக உதாரணம்.

அவரே தடுமாறிய இடம்

இவ்வளவு தெளிவாக நிரூபித்தவருக்கும் ஒரு இடத்தில் சந்தேகம் வந்தது. உயிருள்ள விலங்கின் குடலுக்குள் இருக்கும் புழு எங்கிருந்து வந்தது? அங்கே ஈ போய் முட்டையிட முடியாதே!

மரங்களின் இலையிலும் கிளையிலும் வரும் முடிச்சுகளுக்குள் இருக்கும் பூச்சிகளை, அந்த மரத்தின் உயிர்ச்சக்தியே உருவாக்குகிறது என்று ரெடி நினைத்தார். விலங்குகளின் உடலுக்குள் உள்ள புழுக்களும் அப்படி வந்திருக்கலாம் என்று கருதினார். இறைச்சியில் தோற்கடித்த பழைய நம்பிக்கைக்கு, உயிருள்ள உடலில் கொஞ்சம் இடம் விட்டுவிட்டார்.

ஆனால் கேள்வியை அவர் விட்டுவிடவில்லை. பல வகை விலங்குகளை அறுத்துப் பார்த்து, 1684-ல் இன்னொரு நூல் வெளியிட்டார். உயிருள்ள விலங்குகளுக்குள் வாழும் விலங்குகளைப் பற்றிய நூல் அது. நூற்றுக்கும் அதிகமான ஒட்டுண்ணிகளை அவர் விவரித்திருக்கிறார். மண்புழுவும் குடலில் இருக்கும் உருளைப்புழுவும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒட்டுண்ணிகளும் முட்டையிடுகின்றன என்பதைப் பதிவு செய்தார்.

முட்டை இருக்கு, சரி. அது உடலுக்குள் எப்படிப் போச்சு? அந்த விடை அவர் காலத்தில் கிடைக்கவில்லை.

சொறிக்கும் ஒரு பூச்சி

1687-ல் ரெடிக்கு ஒரு முக்கியமான கடிதம் வந்தது. எழுதியவர் போனோமோ என்ற மருத்துவர். அவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும் சேர்ந்து, சிரங்கு வந்தவர்களின் தோலிலிருந்து எடுத்த நுண்ணிய பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்திருந்தார்கள். அது முட்டையிடுவதையும் கண்டார்கள். சிரங்குக்குக் காரணம் உடலின் கெட்ட நீர் என்று நம்பிய காலத்தில், இல்லை, இந்தப் பூச்சிதான் என்றார்கள். மருத்துவ உலகம் இதை ஏற்க ரொம்ப காலம் ஆனது.

நாய்களுக்கு வரும் கடுமையான சொறிக்கும் இதே இனத்தைச் சேர்ந்த பூச்சிதான் காரணம்.

ரெடி 1697 மார்ச் 1 அன்று பீசாவில் காலமானார். ஈரல் தட்டைப்புழுவின் வளர்ச்சியில் ஒரு இளம் பருவத்துக்கு ‘ரெடியா’ என்று பெயர். விலங்கியல் படித்தவர்கள் மனப்பாடம் செய்த அந்தப் பெயர் இவருடையதுதான்.

விடை தாயிடம் இருந்தது

நாய்க்குட்டி விஷயத்தில் ரெடியின் கேள்விக்கு 20-ஆம் நூற்றாண்டில் பதில் கிடைத்தது. நாய்களின் உருளைப்புழுவுக்கு டாக்சோகாரா கேனிஸ் என்று பெயர். தாய் நாயின் தசைகளிலும் உறுப்புகளிலும் இதன் இளம்புழுக்கள் தூங்குவது போல அடங்கிக் கிடக்கும். நாய் சினையானதும் விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் போய்விடும். பால் வழியாகவும் போகும். கொக்கிப்புழுவும் தாய்ப்பால் வழியாக வரும்.

தாய்க்கு எப்போதோ மருந்து கொடுத்திருந்தாலும், தசையில் பதுங்கிய இளம்புழுக்கள் வழக்கமான மருந்துக்கு முழுசா அடங்காது. அதனால்தான் வெளியே போகாத குட்டிக்கும் புழு இருக்கும் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இனிப்பு சாப்பிட்டா வயித்துல பூச்சி வரும்னு நம்ம வீடுகளில் இன்னும் சொல்கிறார்களே, அதற்கும் இதுதான் பதில். முட்டையோ இளம்புழுவோ உள்ளே போகாமல் புழு வராது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்?

கருவிலேயே புழு தொற்றிய குட்டியின் மலத்தில், பிறந்து சுமார் 3 வாரத்தில் முட்டைகள் வரத் தொடங்கும். அதற்கு முன்பே தடுக்கத்தான் முதல் மருந்தை 2-வது வாரத்தில் கொடுக்கிறார்கள். பிறகு 8 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, அதன் பின் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது பரவலான நடைமுறை. தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பது குட்டியின் எடையைப் பொறுத்தது. மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

இதே காலத்தில்தான் இன்னொரு விஷயமும் நடக்கிறது. 3-வது வாரம் முதல் 12, 14-வது வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தைப் பழகும் பருவம். மனிதர்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம் எல்லாம் பயமில்லாமல் பழக வேண்டிய நேரம். ஆக, குழந்தைகளோடு அதிகம் கொஞ்சி விளையாட வேண்டிய வயதும், முட்டைகளை அதிகம் வெளியேற்றும் வயதும் ஒன்றாக வருகின்றன.

அந்த முட்டை குழந்தையின் வாய்க்குள் போனால், இளம்புழு உடலுக்குள் அலையும். அரிதாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையே பாதிக்கும். அதற்காகக் குட்டியை மூலையில் கட்டிப் போட வேண்டியதில்லை. அப்படி வளர்ந்தால் பயந்த நாயாக மாறும். செய்ய வேண்டியது எளிது.

* மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். புதிதாக விழுந்த முட்டை உடனே தொற்றாது. மண்ணில் சில நாட்களாவது ஆக வேண்டும். விட்டுவிட்டால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.
* விளையாடிய பிறகு குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.
* தெள்ளுப்பூச்சியையும் ஒழியுங்கள். அதை நாய் கடித்து விழுங்கினால் நாடாப்புழு வரும்.
* ஈறு வெளுத்துப் போனால் தள்ளிப் போடாதீர்கள். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி, சின்னக் குட்டியின் உயிரையே எடுத்துவிடும்.
* தடுப்பூசி முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிட வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டலாம்.

அடுத்த முறை மருத்துவர் அந்தச் சின்ன பாட்டிலை நீட்டும்போது, நம்ம குட்டி சுத்தமாத்தானே இருக்குன்னு யோசிக்காதீங்க. புழுவுக்கும் ஒரு தாய் உண்டு என்று ரெடி காட்டினார். குட்டிக்குள் அந்தப் புழு வந்த வழி, குட்டியின் தாய்.